கேட்டுக்கு வெளியே ஒரு தேர்வு

பவானிபூரில் நான் கணக்குப் பாடம் நடத்திய கத்தோலிக்கக் கான்வென்ட்டில் தினமும் இரண்டு பள்ளிகள் நடந்தன. ஒன்று கேட்டுக்கு உள்ளே. அதைத் தலைமை ஆசிரியையான சிஸ்டர் நடத்தினார். இன்னொன்று கேட்டுக்கு வெளியே, நடைபாதையில். அதை அம்மாக்கள் நடத்தினார்கள். எது கண்டிப்பான பள்ளி என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், வெளியே நடந்ததுதான்.

வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். காலையில் பெண்ணைக் கொண்டுவந்து விட்ட அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போவதில்லை. மதில் ஓரமாகச் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிடுவாள். பள்ளி விடும்வரை அங்கேதான். பின்னல் வேலை, காகிதப் பொட்டலத்தில் பொரி, மண்குவளையில் டீ, மாமியார் வம்பு, எந்த டியூஷன் வாத்தியார் கெட்டிக்காரர் என்ற ஆராய்ச்சி, எல்லாம் அந்த நடைபாதையிலேயே நடக்கும். சின்ன வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் தினமும் இருப்பார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் பரீட்சை நாட்களில் தவறாமல் வந்துவிடுவார்கள். ஒவ்வொருத்திக்கும் ஓர் இடம் உண்டு. ஒருத்தி வரவில்லையென்றாலும் அந்த இடத்தில் இன்னொருத்தி உட்காரமாட்டாள்.

பரீட்சை நாளில் அந்த நடைபாதையைப் பார்க்க வேண்டும். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்ததும் அம்மாக்களின் கைகள் நீளும். பையை வாங்கிக்கொள்ள அல்ல, கேள்வித்தாளை வாங்க. வெயிலோ மழையோ, நின்ற இடத்திலேயே ஒன்றாவது கேள்வியில் ஆரம்பித்துக் கடைசிக் கேள்வி வரை பதிலை ஒப்பிக்கவைத்து, பக்கத்து அம்மாவின் பெண் எழுதிய பதிலோடு ஒத்துப்பார்த்து, மார்க்கும் போட்டுவிட்டுத்தான் பஸ் ஸ்டாப்புக்கு நகர்வார்கள். நாங்கள் விடைத்தாளைத் திருத்துவதற்குள் அவர்கள் ரிசல்ட் சொல்லிவிடுவார்கள். அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

நான் லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் பெங்காலி, பள்ளியில் ஆங்கிலம். கோபம் மூன்றிலும் வரும். தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒருநாள் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "மாலை வகுப்பில் கவுன்சலிங் படித்து முடித்திருக்கிறீர்களே, சிற்றாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தையல் அறையை எடுத்துக்கொள்ளுங்கள், பேச விரும்பும் பிள்ளைகள் அங்கே வரட்டும்" என்றார். மங்களூர்க்காரர். எதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

இன்று எல்லாப் பள்ளியிலும் கவுன்சலர் என்று பலகை தொங்குகிறது. அன்று அந்தச் சொல்லே புதிது. பிள்ளைகள் என் அறைக்குப் 'பாகல்கானா' என்று பெயர் வைத்தார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று அர்த்தம். ஸ்டாஃப் ரூமில் ஒருவர், "உங்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று நேராகவே கேட்டார். நான் அசரவில்லை. பாவம் செய்தவர்கள் போய்ச் சொல்ல அந்த வளாகத்தில் ஒரு பாவசங்கீர்த்தனத் தொட்டி இருந்தது. ஒரு பாவமும் செய்யாமலே மனசு கனத்துப்போனவர்களுக்கும் ஓர் இடம் வேண்டாமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அறைக்கு ஒரு மின்விசிறி போட்டுக்கொடுத்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் முதல் நாளே உறுதியாக இருந்தேன். அந்த ஊரில் 'கார்ஜியன் கால்' என்றொன்று உண்டு. பெற்றோரை அழைத்து வரச் சொல்லி டைரியில் எழுதி அனுப்புவது. குற்றம் செய்தவர்களுக்கு மட்டும் அனுப்புவது என்பதால் அதைப் போல அவமானம் வேறில்லை. அப்பா, அம்மா, சித்தப்பா என்று குடும்பமே கோட்டைமீது போர் தொடுக்க வருகிற மாதிரி வரும். அதற்கு முந்தின நாளே பெண்ணுக்கு வீட்டில் பூசை நடந்திருக்கும். உதவி செய்யக் கூப்பிடுவதற்கும் இதையே பயன்படுத்தினால் உருப்படுமா? யாருடைய அம்மாவோடு பேச வேண்டுமோ, அவரைத் தேடி நானே வெளியே போவது என்று வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். அப்பா துறைமுகத்தில் அதிகாரி, பல வருடங்களுக்கு முன்னால் மாற்றலாகி வந்தவர். வீடு லேக் கார்டன்ஸில். அம்மா அம்பாசமுத்திரத்துக்காரி. பெண்ணுக்குத் தமிழைவிடப் பெங்காலி சரளமாக வரும். வந்த முதல் வருடத்திலிருந்தே வகுப்பில் முதல் இடம். அம்மாவுக்கு நடைபாதையில் நல்ல மரியாதை. கேட்டுக்கு நேர் எதிரே நிழல் விழுகிற இடம் அவருடையது.

பூஜை விடுமுறைக்கு முன்னால் வந்த அரையாண்டுத் தேர்வில் அந்தப் பெண் சரித்திரத் தாளை ஒரு வரிகூட எழுதாமல் மடித்துக் கொடுத்துவிட்டாள். அடுத்த பரீட்சையன்று காலையில் ஹாலுக்கு வெளியே வாந்தி. வகுப்பாசிரியை திமிர் என்றார். இன்னொருவர் காதலாக இருக்கும் என்றார். பெண்பிள்ளை எது செய்தாலும் எங்கள் ஸ்டாஃப் ரூமில் இந்த இரண்டு காரணங்கள்தான் கையிருப்பில் இருந்தன.

கணக்குப் பரீட்சையன்று நான்தான் மேற்பார்வை. அவள் கடகடவென்று எழுதினாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். மணி அடித்தது, எல்லோரும் கிளம்பினார்கள். கொஞ்ச நேரம் கழித்து கேட் காவலரான தர்வான் உள்ளே வந்து, அம்மா வெளியே காத்திருக்கிறார், பெண் வரவில்லை என்றார். தேடிக்கொண்டு போனேன். சிற்றாலயத்தின் கடைசி பெஞ்சில், முழங்கால் போடும் பலகைமேல் குறுகி உட்கார்ந்திருந்தாள். மடியில் கேள்வித்தாள் சுக்கல் சுக்கலாகக் கிழிந்து கிடந்தது.

நானும் அதே பலகைமேல் உட்கார்ந்தேன். "கஷ்டமா இருந்துச்சா பரீட்சை?"

"இல்ல மிஸ். ஈஸி. ஒரு சம் மட்டும் டவுட்."

"அப்புறம் ஏன் இதைக் கிழிச்ச?"

"இருந்தா அம்மா கேப்பா."

"வீட்டுக்குப் போனா கேக்க மாட்டாங்களா?"

"வீட்டுல பரவால்ல மிஸ். கேட்ல எல்லாரும் இருக்காங்க."

"ரொம்பத் திட்டுவாங்களோ?"

"திட்டவே மாட்டா. அங்க எல்லார்கூடவும் சிரிச்சுட்டே இருப்பா. பஸ் ஏறினதும் பேச மாட்டா. ஒரு மார்க் போனாலும் பேச மாட்டா. சாப்பாடு போடுவா, தலை வாரி விடுவா, பேச மாட்டா."

"அதனாலதான் ஹிஸ்டரி எழுதலையா?"

"எழுதலைன்னா கேக்க ஒண்ணும் இருக்காதுல்ல மிஸ்."

கணக்கு டீச்சரான எனக்கே அந்தத் தர்க்கத்தில் ஓட்டை தெரியவில்லை. பிறகு அவள் கிழிந்த துண்டுகளை ஒன்றாகக் கூட்டிக்கொண்டே, "நானே இல்லைன்னா அம்மாக்கு டென்ஷனே இருக்காது" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், பஸ் நம்பர் சொல்கிற மாதிரி.

இப்படி ஒரு பேச்சு வந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கேட்டேன். "செத்துப்போகணும்னு தோணுதா?"

அவள் பீடத்தைப் பார்த்தபடி, "சில நாள்" என்றாள்.

"இதை நான் சிஸ்டர்கிட்டயும் உங்க அம்மா அப்பாகிட்டயும் இன்னிக்கே சொல்லப்போறேன். உன்னைக் கேக்காம வேற யாருக்கும் சொல்ல மாட்டேன். சரியா?"

தலையாட்டினாள். அந்தத் துண்டுகளை என் கைப்பையில் போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக் கேட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மாவின் கை நீண்டது. "கேள்வித்தாள் என்கிட்ட இருக்கு" என்றேன். பொய்யில்லை.

சிஸ்டரிடம் சொல்லிவிட்டு அன்று மாலையே லேக் கார்டன்ஸ் போனேன். அம்மா முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "எம் மவளுக்குக் கிறுக்குன்னு சொல்லுதியளா டீச்சர்?" என்று எழுந்துவிட்டார். முகம் சிவந்துபோயிருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "படிப்பு சமாச்சாரம்லாம் அவதான் பாத்துக்கிடுதா. நான் தலையிடுததில்ல" என்றார்.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "சார், ஆத்துல கப்பல் தரை தட்டினா யாரோட டிபார்ட்மென்ட்னு கேட்டுட்டு நிப்பீங்களா? இப்ப தலையிடுங்க" என்றேன். இன்னொரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு அந்த வீட்டு மனிதரிடம் பேசுகிற பேச்சா என்று என் கணவர் பிற்பாடு கேட்டார். அந்த நேரத்துக்கு அதுதான் சரியான பேச்சு என்று இன்றும் சொல்வேன். அந்த மனிதர் மறுநாள் லீவு போட்டுவிட்டு, நான் சொன்ன மனநல மருத்துவரிடம் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனார். மருத்துவர் கொஞ்ச காலத்துக்கு மாத்திரை கொடுத்தார். வாராவாரம் வந்து பேசச் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அப்பாதான் கூட்டிப்போனார். டிராமில் போவார்களாம், வரும்போது கட்லெட் சாப்பிடுவார்களாம். பெண்ணே சொன்னாள்.

அம்மா என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அந்த வித்தையில் அவர் தேர்ந்தவர் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்ததால் பொறுமையாக இருந்தேன்.

சிஸ்டர் தன் பங்குக்கு ஒரே மூச்சில் ஒரு முடிவெடுத்தார். இனிமேல் பரீட்சை நாட்களில் பெற்றோர் யாரும் கேட்டருகே நிற்கக்கூடாது. எனக்கும் முதலில் பிரமாதமான யோசனையாகத்தான் பட்டது. ஆனாலும் யாருக்காகச் செய்கிறோமோ அவளை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணைத் தையல் அறைக்குக் கூப்பிட்டேன். அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"வேணாம் மிஸ். வெளிய வரும்போது அம்மா அங்க இருக்கணும்."

"நீதானே கேட் பயம்னு சொன்ன?"

"அம்மா பயம் இல்ல. அந்தக் கை. அதை நீட்டாம நின்னாப் போதும்."

ஓடிப்போய் சிஸ்டரிடம் சொன்னேன். குடும்பத்தைக் கேட்டிலிருந்து விரட்டினால் அந்தக் குடும்பம் வீட்டில் உட்கார்ந்து அதையே செய்யும், விரட்டுவதற்குப் பதில் உள்ளே அழைப்போம் என்றேன். சிஸ்டருக்குத் தன் முடிவு மாறுவது பிடிக்காது. பிடிக்காமலே மாற்றிக்கொண்டார். அது பெரிய குணம்.

பள்ளிக்கூட வளாகத்திலிருந்த பங்குக் கோயில் ஹாலை அம்மாக்களுக்குத் திறந்துவிட்டோம். மின்விசிறி, குடிதண்ணீர், பெஞ்சு எல்லாம் உண்டு. கேள்வித்தாளைப் பரீட்சை முடியும்வரை பள்ளியே வைத்துக்கொள்ளும் என்றும் அறிவித்தோம். நடைபாதை கொதித்தது. ஹாலுக்குள் ஒருத்தியும் வரவில்லை. குளிர்காலத்தில் வந்த மாதத் தேர்வில், தாள் இல்லாவிட்டால் என்ன, வாயால் கேட்டார்கள். சில பெண்கள் கேள்விகளை ஸ்கேலின் பின்பக்கம் பொடிப்பொடியாக எழுதிக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுத்தார்கள். அந்தத் தேர்வைக் காய்ச்சல் என்று சொல்லி எழுதாமல் இருந்துவிட்ட அந்தப் பெண், இதைக் கேள்விப்பட்டு சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு நிஜமான கோபம் வந்தது. ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதை எழுதாவிட்டால் அவள் அதே வகுப்பில் உட்கார வேண்டும். மதிலுக்கு இந்தப் பக்கம் தன்னைவிடச் சின்னவர்களோடு அவளும், அந்தப் பக்கம் அம்மாவும் இன்னொரு வருஷம் இருந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று நினைத்துப் பார்க்க நான் தயாராக இல்லை.

ஒன்பதாம் வகுப்புப் பெற்றோரை ஒரு சனிக்கிழமை ஹாலுக்கு அழைத்தோம். பாடத்திட்டம் பற்றிப் பேச்சு என்று சொன்னதால் எல்லோரும் வந்தார்கள். அந்தப் பெண்ணின் அம்மாவும் வந்து, என்னைப் பார்க்காமல் நடு வரிசையில் உட்கார்ந்தார். நான் ஆளுக்கொரு கேள்வித்தாளும் வெள்ளைத்தாளும் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு, சுலபமானவை. விளையாட்டாகப் போடுங்கள் என்றேன். சிரித்தார்கள், பேனா கடன் வாங்கினார்கள், பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் எல்லோருக்கும் வயது குறைந்துவிட்டது.

மணி அடிக்கச் சொன்னேன். ஹாலுக்கு ஒரே வாசல். அங்கே போய் நின்றுகொண்டு, முதலில் வந்த பெண்மணியின் முன்னால் கையை நீட்டினேன். "ஒன்றாவது கணக்குக்கு என்ன விடை?" என்று உரக்கப் பெங்காலியில் கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "இரண்டாவது?" அவர் பின்னால் வரிசை நின்றுபோனது. மூன்றாவது கேள்விக்கு அவர் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கல்லூரியில் படித்தவர், நடைபாதையில் நல்ல சத்தமாகப் பேசுகிறவர். அடுத்து வந்தவரையும் கேட்டேன். அதற்கடுத்தவரையும் கேட்டேன். அந்தப் பெண்ணின் அம்மா தாளை நாலாக மடித்து முந்தானைக்குள் செருகிக்கொண்டு, தலை நிமிராமல் என்னைத் தாண்டிப் போனார்.

கொடுமைதான். மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தால் மறுபடி செய்வேன். சிஸ்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, கால் மணி நேரம் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, அந்த மூன்றாவது கணக்குக்கு என்னதான் விடை என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை நான் உள்ளே நுழையும்போது அந்த அம்மா கேட்டருகே எனக்காக நின்றுகொண்டிருந்தார். தையல் அறைக்குக் கூட்டிப்போனேன். அங்கே உட்கார்ந்ததும் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"எனக்கு அதுல பாதிக் கணக்கு தெரியும் டீச்சர். இருந்தும் தாளை மடிச்சு ஒளிச்சுட்டேன். எல்லாரும் பாக்காவளேன்னு இருந்துச்சு. எம் மவ பரீச்சைதோறும் இப்பிடியா வந்தா?"

"ஆமா."

"இந்த ஊருக்கு வந்த புதுசுல எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. இங்கன வந்து நின்னா ஒருத்தியும் மொகம் குடுக்க மாட்டா. இவ மொத மார்க்கு வாங்கின அன்னைக்குத்தான் 'வாங்க தீதி, உக்காருங்க'ன்னு அக்கா மொறை சொல்லி எடம் விட்டாளுவ. மார்க்கு போச்சுன்னா எனக்கு எடம் போச்சு. வேற எங்க போய் இருப்பேன், சொல்லுங்க."

நான் அவரைப் பல மாதங்களாகக் கண்டிப்பான அம்மா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன். அந்த ஊரில் அவருக்கு இருந்ததே ஒரு செய்தித்தாள் அகலம்தான் என்று தோன்றியபோது பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்க்கிற நேரம் அது இல்லை. "இடம் பெருசா, பொண்ணு பெருசா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதத்தான் ரெண்டு நாளா நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். அழுதார். நான் அழவிட்டேன். அந்த வாரம் மருத்துவரிடம் மூன்று பேருமாகப் போனார்கள்.

ஆண்டுத் தேர்வின் முதல் நாள் கணக்கு. அந்தப் பெண் வந்தாள், வாந்தி எடுக்கவில்லை, எழுதினாள். மணி அடித்ததும் நான் அவளுக்குப் பின்னாலேயே கேட் வரை போனேன். சிற்றாலயப் பக்கம் அவள் திரும்பிவிடுவாளோ என்று எனக்குப் பயம். அவள் திரும்பவில்லை. ஆனால் கேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டாள்.

எதிரே அம்மா. பழக்கதோஷத்தில் கை பாதி நீண்டுவிட்டது. பெண் அந்தக் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சுற்றியிருந்த அம்மாக்களும் பார்த்தார்கள். அந்தக் கை அப்படியே முன்னால் வந்து, பெண்ணின் தோளிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கழற்றி வாங்கிக்கொண்டது.

"பசிக்குதாட்டி?" என்றார் அம்மா.

பெண் தலையாட்டினாள். பிறகு அவளாகவே, "ஒரு சம் தப்பு மா" என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

பக்கத்து அம்மா என்ன ஆயிற்று என்று விசாரித்தார். அந்த அம்பாசமுத்திரத்துக்காரி அந்த நடைபாதை முழுவதற்கும் கேட்க, தன் உடைசல் பெங்காலியில், "ஆமார் மேயே ஏக்டா ஒங்கோ பூல்" என்றார். என் பெண் ஒரு கணக்குத் தப்பு. சொல்லிவிட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். போகும்போது இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டு போனார்கள். என்ன பேச்சு என்று எனக்குக் கேட்கவில்லை. எனக்குத் தேவையும் இல்லை.

அடுத்த பரீட்சையன்று பஸ் கிடைக்காமல் தாயும் மகளும் தாமதமாக வந்தார்கள். பெண் மாடியிலிருந்த ஹாலுக்கு ஓடிவந்தாள். அவள் இடம் ஜன்னலோரம். உட்காருவதற்கு முன்னால் வெளியே எட்டிப் பார்த்தாள். நானும் அவள் பின்னால் நின்று பார்த்தேன். அம்மா நடைபாதை ஓரத்தில் தயங்கி நின்றிருந்தார். கேட்டுக்கு நேர் எதிரே, நிழல் விழுகிற அந்த இடத்தில் யாரோ செய்தித்தாளை விரித்து, காற்றில் பறக்காமலிருக்க ஒரு மண்குவளையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பக்கத்து அம்மா பின்னலிலிருந்து தலை நிமிராமல் அந்தக் குவளையை எடுத்துவிட்டு, உட்காரச் சொல்லிக் கையால் தாளைத் தட்டினார்.

அம்மா உட்காரும்வரை அந்தப் பெண் ஜன்னலை விட்டு நகரவில்லை. பிறகு வந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள்.